மடிக்கிற ட்ரெய்லர் வாங்க முந்தி: ஏற்றத்துக்குக் கிலோ, ஹைவேக்கு உயரம்

தம்பி ஒருத்தர் எழுதிக் கேட்டது இதுதான்: குடும்பத்தோட ஊர் சுத்தப் போய் உள்ளுக்கே படுக்க, காருக்குப் பின்னால இழுக்கிற மடிக்கிற ட்ரெய்லர் ஒண்டு வேணுமாம். தெஹிவளையில வீடு, நிசான் எக்ஸ்-ட்ரெயில் கார் ஒண்டு நிக்குது, மனிசி, ரெண்டு பிள்ளையள், முழங்கால் வருத்தத்தோட அம்மா. கொழும்பில வேலைக்கு இருந்த வெள்ளைக்காரர் ஒருத்தர் ஊருக்குத் திரும்பேக்க விட்டிட்டுப் போற அமெரிக்கன் கன்வஸ் பொப்-அப் ஒண்டு, அதாவது கூரை மேல எழும்பித் துணிச் சுவர் விரியிற ட்ரெய்லர், விலைக்கு வந்திருக்காம். மற்றப் பக்கம் கடவத்தையில ஒரு வெல்டிங் பாஸ், கூரை மடியிற, விரிச்சா முக்கோணமா நிக்கிற ஏ-பிரேம் மாதிரி ஒண்டு செஞ்சு தாறன் எண்டு நிக்கிறாராம். "மடிக்கிறது எண்டா பாரம் குறைவுதானே அண்ண, லேசா இழுக்கலாம்தானே, ரெண்டில எத எடுக்க?"

முதல்ல நான் ஆர் எண்டு சொல்லிப்போட்டுத் தொடங்கிறன், இல்லாட்டி இவர் என்ன பெரிய விண்ணனோ எண்டு நினைப்பீங்கள். மெல்பேர்ண்ல டாண்டினோங் பக்கம் கரவன் திருத்திற கராஜ் ஒண்டில 9 வருஷம் நிண்டிருக்கிறன். திரும்பி வந்து இப்ப வெள்ளவத்தையில இருந்துகொண்டு இழுவைச் சாமான், காரில ட்ரெய்லர் கொழுவிற டோ பார் வேலையள் செய்யிறன். ட்ரெய்லர் மடிக்கேக்க கை நசிஞ்ச தழும்பு இப்பவும் இருக்கு.

உங்கட கேள்வியிலேயே ஒரு பிழை இருக்கு தம்பி. மடிச்சா பாரம் குறையாது. ஒரு சேட்ட மடிச்சு அலுமாரிக்குள்ள வச்சா அது பாரம் குறைஞ்ச சேட்டா? 900 கிலோ ட்ரெய்லர் மடிச்சாலும் 900 தான், விரிச்சாலும் 900 தான். மடிக்கிறதால குறையிறது உயரம், அதால குறையிறது காத்து. மடிக்கிற ட்ரெய்லர்கள் சிலது பாரமும் குறைவா இருக்கிறது உண்மைதான், ஆனா அது கன்வஸும் மெல்லிய தகடும் போட்டுச் செய்யிறதால வாற லாபம், மடிப்பால வாறதில்ல. இத வடிவா விளங்கிக்கொண்டா மிச்சமெல்லாம் தன்பாட்டில விளங்கும்.

கணக்காச் சொல்லுறன். காத்து தள்ளுற விசை வேகத்தின்ட வர்க்கத்துக்கு ஏறும், அதாவது 50 இல ஓடேக்க இருக்கிற காத்து 100 இல நாலு மடங்கு, அத வெல்ல எஞ்சின் குடுக்க வேண்டிய சக்தி எட்டு மடங்கு. ஒரு முழு உயரக் கரவன் 2.6 மீட்டருக்கு மேல நிக்கும், உங்கட எக்ஸ்-ட்ரெயில் 1.7 மீட்டர் சொச்சம், அப்ப ஒரு மீட்டர் சுவர் காருக்கு மேலால நிண்டு காத்தப் பிடிக்குது. மடிச்ச பொப்-அப் ஒன்றரை மீட்டர்தான், காரின்ட முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுகொண்டு வரும். மெல்பேர்ண்ல இருந்து சிட்னிக்கு ஹியூம் ஹைவேயில 9 மணித்தியாலம் நூறில போறவனுக்கு இது பெற்றோல் காசிலயே தெரியும். பக்கக் காத்துக்கும் அப்பிடித்தான், பெரிய லொறி முந்திக்கொண்டு போகேக்க உயரமான கரவன இழுத்து எறியிற மாதிரி இருக்கும், பதிஞ்ச ட்ரெய்லருக்கு அது கனக்கத் தெரியாது.

இப்ப கொழும்புக்கு வாங்கோ. இஞ்ச நீங்கள் எங்க நூறில போகப் போறீங்கள்? சதேர்ன் எக்ஸ்பிரஸ்வேயில 100 போட்டிருக்கு எண்டாலும் ட்ரெய்லரோட 80 க்கு மேல போகாதீங்கோ. மிச்ச றோட்டெல்லாம் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் நடுவில 40, 50 தானே. அந்த வேகத்தில காத்து ஒரு பெரிய விஷயமே இல்ல. இஞ்ச உங்கட எதிரி கடுகண்ணாவ, றம்பொட மாதிரி மலை ஏற்றங்கள்தான். 100 மீட்டருக்கு 7 மீட்டர் ஏறுற ஏற்றத்தில 1000 கிலோ ட்ரெய்லர் ஏறக்குறைய 70 கிலோ விசையோட உங்கள பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், மடிச்சாலும் மடிக்காட்டியும் அதே 70 தான். அதாலதான் சொல்லுறன், ஏற்றத்துக்குக் கிலோவப் பாருங்கோ, ஹைவேக்கு உயரத்தப் பாருங்கோ. இலங்கைக்கு முதல்ல கிலோ.

ஏறுறதக் கூட விடுங்கோ, இறங்கிறதுதான் பயம். நுவரெலியா கடல் மட்டத்தில இருந்து 1868 மீட்டர், கொழும்பு கடல் மட்டத்திலயே கிடக்கு. ஒரு தொன் ட்ரெய்லர அவ்வளவு உயரத்தில இருந்து கீழ கொண்டு வரேக்க வாற சக்தி கிட்டத்தட்ட 60 லீட்டர் பச்சத்தண்ணியக் கொதிக்க வைக்கப் போதும். கொஞ்சம் காத்திலயும் டயரிலயும் போகும், எஞ்சின் பிரேக் பிடிச்சா அதில கொஞ்சம் போகும், மிச்சம் முழுக்க பிரேக் பேட்டுக்குத்தான். சீவீடி எண்ட ஓட்டோ கியர்ல டி யில விட்டிட்டு பிரேக்க மிதிச்சுக்கொண்டே வந்தா பாதி வழியில மணக்கத் தொடங்கும். எல் இல போடுங்கோ, பின்னுக்கு வாறவன் ஹோர்ன் அடிச்சா அடிக்கட்டும்.

அடுத்தது கார். எக்ஸ்-ட்ரெயில் எண்ட பேரப் பாத்து நம்பாதீங்கோ. ஒஸ்ரேலியாவில அந்த டி32 மொடல் 2.5 லீட்டர் பெற்றோலுக்கு பிரேக் உள்ள ட்ரெய்லர் எண்டா 1500 கிலோ, பிரேக் இல்லாட்டி 750 எண்டு போட்டிருக்கு. ஆனா இஞ்ச ஓடுறதில கனக்க ஜப்பான் உள்ளூர் சந்தைக்குச் செஞ்ச 2 லீட்டரும் ஹைபிரிட்டும். அப்பிடி வந்த கனக்க வாகனங்களின்ட மனுவலில இழுவை இலக்கமே இருக்காது, ஏனெண்டா அங்க ஒருத்தரும் உத இழுக்கிறதுக்கு விக்கேல்ல. இலக்கம் இல்லையெண்டா "அளவில்லாம இழுக்கலாம்" எண்டு அர்த்தமில்ல, சோதிச்சுப் பாக்கேல்ல எண்டு அர்த்தம். சின்ன ஹைபிரிட் கார் வச்சிருக்கிற ஆக்களும் இடைக்கிட கேக்கிறவை, அவைக்கு என்ட பதில் எப்பவும் ஒண்டுதான்: டென்ட் ஒண்ட டிக்கியில போட்டுக்கொண்டு சந்தோசமாப் போங்கோ. உங்களுக்கு நான் சொல்லுறது, எல்லாச் சாமானும் ஏத்தி 750 க்குள்ள நிக்கிற மாதிரிப் பாருங்கோ, ஹைபிரிட் எண்டா அதையும் விடுங்கோ.

"எல்லாச் சாமானும் ஏத்தி" எண்டதுதான் ஆக்கள் விழுற குழி. விக்கிறவன் சொல்லுறது வெறும் ட்ரெய்லரின்ட பாரம், டேர் எண்டு பிளேட்டில அடிச்சிருக்கும். அது பெக்டரியில இருந்து வரேக்க இருந்த பாரம், பிறகு பூட்டின பட்டறி, பக்கத்தில விரிக்கிற வெயில் மறைப்பு, ஏசி எல்லாம் அதுக்குள்ள இல்ல. சும்மா எண்ணிப் பாருங்கோ, தண்ணி 60 லீட்டர் எண்டா 60 கிலோ. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் எண்டா இரும்பும் சேர்த்து கிட்டத்தட்ட ரெட்டிப்பு. 100 அம்பியர்-மணி ஈயப் பட்டறி 25, 30 கிலோ வரும், லித்தியம் எண்டா அதில பாதிக்கும் குறைவு. அஞ்சு பேரின்ட உடுப்பு, பாய், தலகாணி, பானை சட்டி, அம்மா கட்டாயம் கொண்டு வருவா எண்டு எனக்குத் தெரியும் அந்த அரிசிப் பை, எல்லாம் சேர்த்து 200 கிலோ லேசாத் தாண்டும். அப்ப 750 க்குள்ள நிக்கோணும் எண்டா வெறும் ட்ரெய்லர் 550 ஐத் தாண்டக் கூடாது. இது பெரிய இலக்கம் இல்ல தம்பி. அமெரிக்காவில விக்கிற சின்ன ஏ-பிரேம் கூட வெறுமையா 600, 700 கிலோ வரும். ஒஸ்ரேலியாவில எல்லாரும் வச்சிருக்கிற ஜெய்கோ பெரிய பொப்-அப்புகள் வெறுமையாவே ஒரு தொன்னத் தாண்டும்.

ஜெய்கோ எண்ட பேர் வந்ததால ஒரு கதை. அமெரிக்க ஜெய்கோ 1968 இல இன்டியானாவில லொயிட் பொன்ட்ரேகர் எண்டவர் தன்ட தோட்டத்தில கோழிக்கூட்டுக்குள்ள வச்சுத் தொடங்கினது, முதல் செஞ்சதே மடிக்கிற கேம்பர்தான். அந்த ஆள் கண்டுபிடிச்சது கூரையத் தூக்கிற பொறிமுறை, ஒரு கைப்பிடியச் சுத்த நாலு மூலையும் ஒரே நேரத்தில எழும்பும். இண்டைக்கும் பொப்-அப் எண்டா உயிர் அந்தத் தூக்கிற பொறியிலதான் இருக்கு. ஜெர்மன்காரரின்ட எரிபா கரவனும் இப்பிடி ஒரு விசித்திரம், 1957 இல முதல் வண்டி வந்தது, அந்தப் பேர் எரிக் பாஹெம் எண்ட பொறியியலாளரின்ட பேர் ரெண்டின்டயும் முதல் எழுத்துகள், அந்த மனுசன் யுத்த காலத்தில ரொக்கெட் விமானம் வரைஞ்ச ஆள். ரொக்கெட் செஞ்சவனுக்குக் காத்தின்ட அருமை தெரிஞ்சிருக்கும்தானே, அவங்கட வண்டி பதிஞ்சு, மூலையெல்லாம் உருண்டு, கூரை மட்டும் கொஞ்சம் மேல எழும்பும். சரி, விஷயத்துக்கு வாறன்.

மடிக்கிறதில மூண்டு ஜாதி இருக்கு. ஒண்டு கன்வஸ் பொப்-அப், கூரை எழும்பி ரெண்டு பக்கமும் கட்டில் வெளியால இழுபடும், அஞ்சு ஆறு பேர் தாராளமாப் படுக்கலாம், விரிக்க 20 நிமிஷம் அரை மணித்தியாலம் போகும். ரெண்டாவது ஏ-பிரேம், கூரை ரெண்டு பலகையும் எழும்பி முக்கோணமா ஒண்டோட ஒண்டு சாயும், துணி இல்ல, ரெண்டு மூண்டு நிமிஷத்தில எழும்பிடும், ஆனா நடுவில மட்டும்தான் நிமிந்து நிக்கலாம், ரெண்டு பேர் நல்லாப் படுக்கலாம், மூண்டாவது ஆள் சின்னப் பிள்ளையா இருக்கோணும். மூண்டாவது ட்ரெயில்மேனர் எண்ட அமெரிக்க வகை மாதிரி, ரெண்டு பாதியும் தாழ்ந்து ஒண்டுக்கு மேல ஒண்டு மூடுற சாமான், 2720 எண்ட மொடலின்ட பேரே விரிச்சா 27 அடி மூடினா 20 அடி எண்டு சொல்லுது, நல்ல மூளை, ஆனா அது உங்கட காருக்குப் பாரம், இஞ்ச வரவும் போறதில்ல, அத விடுவம்.

இப்ப வெள்ளைக்காரரின்ட பொப்-அப். கன்வஸ்தான் பிரச்சினை. அமெரிக்காவில வரண்ட ஊரில அது 20 வருஷம் நிக்கும். கொழும்பில, அதுவும் தெஹிவளையில கடற்கரையில இருந்து ரெண்டு லேன் தள்ளி இருக்கிற உங்களுக்கு, ஈரமும் உப்புக் காத்தும் எப்பிடி எண்டு நான் சொல்லத் தேவையில்ல, அலுமாரிக்குள்ள இருக்கிற தோல் செருப்பே பூஞ்சணம் பிடிக்குது. நான் ஒருக்கா பட்ட பாட்டச் சொல்லுறன். நுவரெலியாவில ஞாயிறு காலம கிறகரி வாவிக்குக் கிட்டத் தூறல், கூட்டாளி ஒருத்தரின்ட பொப்-அப்ப ஈரத்தோடயே மடிச்சம், இரவு பத்து மணிக்குத்தான் கொழும்பு வந்து சேந்தது, நாளைக்கு விரிச்சுக் காயப்போடுவம் எண்டு விட்டது, அந்த நாளை சனிக்கிழமை ஆகிட்டுது. கைப்பிடியச் சுத்தி ஒரு அடி எழும்பவே மணம் மூஞ்சில அடிச்சுது, நனைஞ்ச சாக்கு மாதிரி. உள்ளுக்கு கூரைத் தையல் வழிய கறுப்புப் புள்ளி வரிசையா, மிளகு தூவின மாதிரி. கழுவினம், தேய்ச்சம், காயப்போட்டம், மணம் போச்சு, புள்ளி இண்டைக்கும் இருக்கு. குளோரின் போட்டுத் தேய்க்க வேணாம், புள்ளி வெளுக்கும், ஆனா துணியின்ட தண்ணி காக்கிற பூச்சும் நூலும் சேர்ந்து போகும். ஈரத்தோட மடிச்சா அடுத்த நாளுக்குள்ள விரிக்கோணும், அதுக்கு விரிக்கிற இடம் வேணும். உங்கட வீட்டு முத்தத்தில கார் நிண்டா மிச்சம் எவ்வளவு? விரிச்ச பொப்-அப்புக்கு 6 மீட்டருக்கு மேல நீளம் வேணும். மொட்டமாடிக்குக் கொண்டு போக ஏலாது.

அதோட அமெரிக்கன் ட்ரெய்லர் எண்டா இன்னும் நாலஞ்சு தலையிடி இருக்கு, விக்கிறவருக்கே இது தெரியாமல் இருக்கும். அங்க வலப்பக்கம் ஓடுற நாடு, அதால கதவு வலப்பக்கம் வச்சிருப்பாங்கள், இஞ்ச றோட்டோரம் நிப்பாட்டினா கதவு பஸ் வாற பக்கம் திறக்கும், சின்னப் பிள்ளையளோட இது விளையாட்டில்ல. உள்ளுக்கு இருக்கிற கரண்ட் சாமான் எல்லாம் 120 வோல்ட்டுக்கு, எங்கட 230 இல நேரா குத்தினா ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். 12 வோல்ட் பக்கம் பிரச்சினையில்ல, ஆனா அந்தப் பட்டறி சார்ஜ் பண்ணுற பெட்டிய மாத்தோணும். லைட் வயர் அங்க பிரேக்குக்கும் சிக்னலுக்கும் ஒரே சிவப்பு பல்ப், ஒரே வயர், உங்கட காரில ரெண்டும் வேற வேற, நடுவில ஒரு கன்வேட்டர் போடாட்டி பிரேக் பிடிக்கேக்க சிக்னல் வேலை செய்யாது. டோபோல், காரில ட்ரெய்லர் கொழுவிற உருண்டை, அங்க ரெண்டு இஞ்சி, அதாவது 50.8 மில்லிமீட்டர், இஞ்ச கடையில கிடைக்கிறதில கனக்க 50 மில்லிமீட்டர். பாக்க ஒண்டு மாதிரித்தான் இருக்கும். ரெண்டு இஞ்சிக் கப்ளர, அதாவது போலுக்கு மேல கவிழ்ந்து பூட்டுற ட்ரெய்லரின்ட மூக்க, 50 போலில போட்டா பூட்டின மாதிரிப் பூட்டும், ஒரு நல்ல கிடங்கில விழேக்க துள்ளிக் கழண்டாலும் கழரும். போலின்ட தலையில சைஸ் அடிச்சிருக்கும், துருவச் சுரண்டிப் பாருங்கோ.

ஒஸ்ரேலிய ட்ரெய்லர் எண்டா கதவு இடப்பக்கம், கரண்ட் 230, போல் 50, எல்லாம் எங்களுக்குத் தோதா இருக்கும். ஆராவது அங்கால இருந்து கொண்டு வந்தது விக்கினமெண்டா அத முதல் பாருங்கோ.

பாஸ் செய்யிறன் எண்டு சொல்லுற ஏ-பிரேமுக்கு வருவம். எனக்கு மனசு இந்தப் பக்கம்தான் சாயுது, ஆனா அவர விட்டபடி விட்டா உங்களுக்கு ஒரு பீரங்கி செஞ்சு தருவார். எங்கட பாஸ்மாருக்கு உறுதி எண்டா இரும்பு, கூட உறுதி எண்டா கூட இரும்பு. 500 கிலோ வரும் எண்டு சொல்லி, கடைசியில லொறி நிறுக்கிற தராசில ஏத்தினா 850 காட்டின ஒண்டு என்ட கராஜுக்கே வந்தது, பாவம் அந்த மனுசன், கலர் எல்லாம் அடிச்சு வடிவா வச்சிருந்தார், இழுக்க ஏலாது. காசு குடுக்க முந்தி எழுதிப் பேசுங்கோ, செஸி எண்ட அடிச்சட்டத்த மட்டும் இரும்பில செய்யட்டும், மேல் சட்டமெல்லாம் அலுமினியம், சுவருக்கு நுரைப் பலகை நடுவில வச்சு ரெண்டு பக்கமும் மெல்லிய பைபர் இல்லாட்டி அலுமினியத் தகடு. பிளைவுட் எண்டு சொன்னா வேணாம் எண்டு சொல்லுங்கோ, பாரமும் கூட, இந்த ஈரத்தில ஊதி வெடிக்கும். வேலை பாதியில ஒருக்கா நிறுத்துப் பாக்கிறது எண்டும் பேசுங்கோ.

ஸ்பிரிங் விஷயத்திலயும் கவனம். பாஸ் கையில கிடைக்கிற, பட்டா எண்ட சின்ன லொறியின்ட ஸ்பிரிங்கத் தூக்கிப் பூட்டப் பாப்பார். அது ஒரு தொன் சாமான் ஏத்திறதுக்குச் செஞ்ச ஸ்பிரிங், 600 கிலோ ட்ரெய்லருக்குக் கீழ அது வளையவே மாட்டுது, ஒவ்வொரு கிடங்குக்கும் ட்ரெய்லர் துள்ளும், உள்ளுக்கு இருக்கிற பிளேட் கோப்பை எல்லாம் தூள். இலை ரெண்டு மூண்டக் கழட்டிவிட்டு மெதுவாக்கோணும். அச்சு சரி நடுவில வரக் கூடாது, பெட்டி நீளத்தில 60 வீதம் அச்சுக்கு முன்னால, 40 பின்னால எண்ட கணக்கில வைக்கச் சொல்லுங்கோ.

ஏனெண்டா மூக்குப் பாரம். ட்ரெய்லரின்ட மொத்தப் பாரத்தில பத்தில ஒரு பங்கு டோபோலுக்கு மேல கீழ நோக்கி அமத்தோணும். ஒஸ்ரேலியாவில 10 வீதம் எண்டுதான் எல்லாரும் பாக்கிறது, அமெரிக்காவில 10 இல இருந்து 15. குறைஞ்சா பின்பக்கம் பாரமாகி ட்ரெய்லர் பாம்பு மாதிரி நெளியத் தொடங்கும், கூடினா காரின்ட பின்பக்கம் குந்தி முன் டயர் றோட்டப் பிடிக்காது. இத அளக்க பெரிய சாமான் ஒண்டும் வேணாம், குளியலறைத் தராசு காணும். போன மாசம் எங்கட லேனில ஒருத்தருக்கு இப்பிடித்தான் காட்டினன். ட்ரெய்லர மட்டமான நிலத்தில விட்டு, சில்லுக்குக் கல் வச்சு, தராசுக்கு மேல ஒரு பலகை, அதுக்கு மேல கப்ளர் காரில நிக்கிற அதே உயரத்துக்கு ஒரு தேக்கங்கட்டை, அதில கப்ளர இறக்கினம். 38 காட்டிச்சுது. 700 கிலோ ட்ரெய்லருக்கு 38 எண்டா காணாது. பின்னுக்கு அச்சுக்கு அங்கால வச்சிருந்த ரெண்டு 20 லீட்டர் தண்ணிக் கானையும் தூக்கி முன் பெட்டிக்குள்ள வச்சம், முள்ளு 70 இல வந்து நிண்டுது. அந்த மனுசன் தராசக் குனிஞ்சு பாத்து "அவ்வளவுதானா" எண்டார். அவ்வளவுதான். அந்த 70 கிலோ காரின்ட பாரத்திலயும் சேரும் எண்டத மறக்க வேணாம், அஞ்சு பேர், டிக்கி நிறையச் சாமான், அதுக்கு மேல இது.

இத நான் படிச்சது புத்தகத்திலயில்ல. மெல்பேர்ண் போன புதிசில, பொப்-அப் ஒண்டின்ட பின் பம்பரில ரெண்டு சைக்கிளும் கட்டி, பின் தாங்கியில தண்ணியும் நிரப்பி, ஹியூம் ஹைவேயில இறக்கம் ஒண்டில நூறு தாண்டினன். முதல் ஒரு சின்ன ஆட்டம், ஸ்டியரிங்கில கூச்சம் மாதிரி, பிறகு கண்ணாடியில ட்ரெய்லரின்ட இடப்பக்கமும் வலப்பக்கமும் மாறி மாறித் தெரியுது. பிரேக்க மிதிக்கத்தான் கால் போகும், மிதிக்கக் கூடாது, முன்னால கார் நிண்டா பின்னால இருக்கிறது இன்னும் தள்ளும். அக்ஸிலேற்றர்ல இருந்து கால எடுத்து, ஸ்டியரிங்க நேரா இறுக்கிப் பிடிச்சு, எலெக்ட்ரிக் பிரேக் இருந்தா அந்தக் கொன்ட்ரோலரின்ட பட்டன கையால அமத்தி ட்ரெய்லர மட்டும் பிரேக் பண்ணோணும். எனக்கு அண்டைக்கு ஆரும் சொல்லித் தரேல்ல, காருக்குள்ள இருந்த மச்சான் முருகா எண்டு கத்தினது மட்டும் ஞாபகம், எப்பிடியோ தன்பாட்டில அடங்கிச்சுது.

பிரேக்கப் பத்தி ஒரு சொல். ஒஸ்ரேலியாவில 750 கிலோ வரைக்கும் பிரேக் கட்டாயமில்ல, அதுக்கு மேல 2000 வரைக்கும் ஒரு அச்சிலயாவது ரெண்டு சில்லுக்கும் வேணும், 2000 தாண்டினா எல்லாச் சில்லுக்கும். அது தட்டையான ஊருக்குப் போட்ட சட்டம். றம்பொடையில இறங்கிறவனுக்கு நான் 500 க்கே போடச் சொல்லுவன். தள்ளுப் பிரேக் எண்டு ஒண்டு இருக்கு, கார் மெதுவாகேக்க ட்ரெய்லர் முன்னுக்குத் தள்ள அந்தத் தள்ளலே பிரேக்கப் பிடிக்கும், காரில ஒரு வயரும் தேவையில்ல, உங்களுக்கு அது காணும். ஒரு குணம் மட்டும் இருக்கு, பழைய வகையில ஏற்றத்தில ரிவர்ஸ் எடுக்கேக்க அதுவும் தள்ளல் எண்டு நினைச்சு பிரேக் பிடிச்சுக்கொண்டு நிக்கும், இறங்கிப் போய் ஒரு கொழுக்கியப் போட்டுட்டு வரோணும்.

ரிவர்ஸ் எண்டோடன இன்னொண்டு. பதிஞ்ச ட்ரெய்லர் முன்னுக்குப் போகேக்க சந்தோசம், பின்னுக்கு வரேக்க அதக் காணவே கிடைக்காது, பின் கண்ணாடியில ஒண்டும் தெரியாது, தெரியேக்க அது ஏற்கனவே மடிஞ்சு கார் பம்பரில முட்டிக்கொண்டு நிக்கும். பின் மூலை ரெண்டிலயும் மெல்லிய பீவீசீ குழாய் நிமித்திக் கட்டி நுனியில சிவப்புத் துணி கட்டுங்கோ. லேனுக்குள்ள ஏலாட்டி கழட்டிப்போட்டு ரெண்டு பேராத் தள்ளுங்கோ, 600 கிலோ எண்டாலும் தட்டை நிலத்தில உருளும். எங்கட ஆக்களுக்கு வெக்கம், கார விட்டு இறங்க மாட்டினம்.

அப்ப எத எடுக்க எண்டா, நான் உங்கட இடத்தில இருந்தா சின்ன ஏ-பிரேம் ஒண்டு, பாரத்த எழுதி வாங்கிச் செய்விச்சு, அதுக்குள்ள அம்மாவும் மனிசியும் சின்னதும், வெளியால ஒரு டென்ட் அடிச்சு நீங்களும் பெரியவனும். பிள்ளையள் டென்டுக்குத்தான் சண்டை பிடிக்குங்கள், இருந்து பாருங்கோ. ஆனா உடவளவ, யால பக்கம் போனா டென்ட் சரிவராது, யானைக்குச் சாப்பாட்டு மணம் கன தூரம் போகும், துணிச் சுவருக்குள்ள மாம்பழம் வச்சுக்கொண்டு படுக்கிற வேலை வேணாம், அது பொப்-அப்புக்கும் பொருந்தும். அமெரிக்காவில யெல்லோஸ்டோன்ல ஃபிஷிங் பிரிட்ஜ் எண்ட இடத்தில கரடிக்காகவே துணிச்சுவர் வண்டியள விடுறதில்ல. காஸ் சிலிண்டர எந்த ட்ரெய்லர் எண்டாலும் உள்ளுக்கு வைக்காதீங்கோ, முன் பெட்டியில, கீழ ஓட்டை உள்ள பெட்டியில, காஸ் காத்த விடப் பாரம், ஒழுகினா கீழ இறங்கிப் போக வழி வேணும். 2021 கடைசியில காஸ் வெடிச்ச கதையெல்லாம் மறந்திருக்க மாட்டீங்கள். செய்விக்க முந்தி நாரஹேன்பிட்டியில மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு ஒருக்கா வரைபடத்தோட போய் பதிவு எப்பிடி எண்டு கேட்டிட்டு வாங்கோ, ட்ரெய்லருக்கும் நம்பர் வேணும், செஞ்சு முடிச்சாப் பிறகு போய் நிண்டு முழிக்க வேணாம்.

இல்ல, விலை நல்லம், பொப்-அப்பத்தான் எடுக்கப் போறன் எண்டா, பாக்கப் போகேக்க இந்த வேலையள் செய்யுங்கோ. முதல்ல பிளேட்ட படம் எடுங்கோ, வெறும் பாரமும் ஏத்தக்கூடிய மொத்தப் பாரமும் ரெண்டும் அதில இருக்கும், ரெண்டுக்கும் இடைவெளி 200 க்குக் குறைவெண்டா திரும்பி வாங்கோ. டயர்ப் பூவப் பாக்காதீங்கோ, பக்கத்தில இருக்கிற நாலு இலக்கத்தப் பாருங்கோ, 2317 எண்டா 2017 ஆம் வருஷம் 23 ஆம் கிழமை செஞ்சது, பூ புதிசு மாதிரி இருந்தாலும் அது குப்பைக்குத்தான், நிண்டே பழசாகின டயர். தூக்கிற கேபிள் துரு ஏறி நூல் நூலாப் பிரிஞ்சிருக்கா எண்டு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ, முட்டுக் கொடுக்காம கூரைக்குக் கீழ தலைய வைக்க வேணாம். கட்டில் மூலையில பலகைய விரலால அமத்திப் பாருங்கோ, பிஸ்கட் மாதிரி அமந்தா தண்ணி போயிருக்கு.

பிறகு விக்கிறவர விரிச்சுக் காட்டச் சொல்லாதீங்கோ, அவர் நூறு தரம் செஞ்ச ஆள். நீங்களும் மனிசியும் மட்டும் விரிச்சு, திரும்ப மடிச்சுப் பாருங்கோ, மழை பெய்யிற நாளாப் பாத்துப் போனா இன்னும் நல்லம். விரிச்சு நிக்கேக்க அம்மாவ ஒருக்கா அந்தக் கட்டிலில ஏறச் சொல்லுங்கோ. பொப்-அப்பின்ட கட்டில் இடுப்பளவு உயரத்தில இருக்கும், பிடிக்கக் கைப்பிடியும் இல்ல. அந்த முழங்காலோட இரவு ரெண்டு மணிக்கு பாத்ரூமுக்கு இறங்கோணும் எண்டா அவ என்ன சொல்லுறா எண்டு கேட்டிட்டு வந்து எனக்கு எழுதுங்கோ.